மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணாச்சி என்னிடம், "பூகோளம் படிச்சவுக நீங்க. பசிபிக் கடல்ல இருக்கே, தாகித்தி, ஹவாய், அந்தத் தீவுகளைப் பத்தி ஒரு அரை மணி நேரம் பேசுங்க. பிள்ளைகளுக்குக் கேக்க நல்லா இருக்கும்" என்றார். "அண்ணாச்சி, தை மாசம் நம்ம சங்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போகப் போறது ராமேஸ்வரத்துக்கு. பஸ்ஸுல போய் இறங்கக்கூடிய தீவு ஒண்ணு நமக்குக் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும்போது, தாகித்தியைப் பத்திப் பேசி ஏன் ஏங்க வைக்கணும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "சரி, உங்க இஷ்டம்" என்றார். ஆகவே இன்றைய பேச்சு ராமேஸ்வரம் தீவைப் பற்றியது. பசிபிக் தீவுகளும் நடுநடுவே வந்து போகும், கவலைப்படாதீர்கள்.

வத்ராப்புக்கும் ராமேஸ்வரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பிகள் யோசிக்கலாம். 1985-க்கு முன் இங்கே படித்தவர்கள் வீட்டுக்குப் போனதும் பழைய சான்றிதழை எடுத்துப் பாருங்கள். "இராமநாதபுரம் மாவட்டம்" என்றுதான் அச்சாகியிருக்கும். 1910-இல் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து உண்டாக்கிய மாவட்டம் அது. மேற்குக் கோடியில் நம்ம மலை, கிழக்குக் கோடியில் தனுஷ்கோடி. (கலெக்டர் ஆபீஸ் மட்டும் இரண்டு கோடியிலும் இல்லாமல், மாவட்டத்துக்கு வெளியே மதுரையில் இருந்தது. அந்த வேடிக்கையை நம் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) 1985-இல் மூன்றாகப் பிரித்தபோதுதான் நாம் காமராசர் மாவட்டம் ஆகி, பிறகு விருதுநகர் மாவட்டம் ஆனோம்.

மாவட்டத்தைப் பிரிக்கலாம், தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை. பிளவக்கல் அணைகளுக்கு மேலே மலையில் பெய்கிற மழை அர்ச்சுனா நதியில் இறங்கி, வைப்பாற்றில் கலந்து, கண்மாய்கள் குடித்தது போக மிச்சம் மன்னார் வளைகுடாவில் போய் விழுகிறது. ராமேஸ்வரம் தீவின் தெற்குக் கரையில் அலை அடிப்பதும் அதே மன்னார் வளைகுடாதான்.

இனி தீவுக்கு வருகிறேன்.

பாலினேசியத் தீவுகளில் இரண்டு ஜாதி உண்டு. ஹவாய், தாகித்தி போன்றவை கடலுக்கு அடியிலிருந்து எழும்பிய எரிமலைகள். உயரமான மலை, அதில் மோதும் மேகம், மேகத்தால் மழை, மழையால் அருவி என்று நம்ம மேற்கு மலையைக் கடலில் நட்டு வைத்த மாதிரி இருக்கும். இன்னொரு ஜாதி, துவாலு போன்ற பவளத் தீவுகள். மலை கிடையாது. பவளப் பூச்சிகள் கட்டிய சுண்ணாம்புப் பாறைமேல் மணல் சேர்ந்து உண்டான தாழ்வான திட்டுகள். ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம், அவ்வளவுதான் கடல் மட்டத்துக்கு மேலே.

ராமேஸ்வரம் இந்த இரண்டாவது ஜாதிக்குச் சொந்தக்காரன். அடியில் பழைய பவளப் பாறை, மேலே மணல். தீவிலேயே உயர்ந்த இடம் கந்தமாதன பர்வதம். "பர்வதம்" என்ற பேரைக் கேட்டு நம்ம சதுரகிரியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். அது ஒரு மணல்மேடு. படியேறி மேல்தளத்தில் நின்றால் தீவு முழுவதும் தெரியும். உயரம் இல்லாவிட்டாலும் அந்தக் காட்சிக்காகவே ஏறலாம். மேற்கே அகலமாகவும் தென்கிழக்கே போகப்போக வால் மாதிரி ஒடுங்கியும் இருக்கும். அந்த வால்தான் தனுஷ்கோடி. வாலின் நுனி அரிச்சல்முனை. அதற்கப்பால் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு விட்டு விட்டு மணல்திட்டுகள். நாம் சேது என்கிறோம், வெள்ளைக்காரன் ஆதாம் பாலம் என்று எழுதி வைத்தான்.

குடை பிடித்த மாதிரி தட்டையாக விரிந்த உடைமரங்கள் அங்கே கூட்டம் கூட்டமாக நிற்கும். காற்று சீவி விட்ட தலை. இடையிடையே பனையும் சவுக்கும். வாலின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் அமைதியான வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும், முரட்டுத் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று திரும்பினால் பெண் கடல் காட்டுகிற கோபத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்பார்கள்.

ஒரு சிறு விலகல். பாலினேசியர்கள் இரண்டு ஓடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பிணைத்து, நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்த மகா மாலுமிகள். அந்த இரட்டை ஓடத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பேர் தெரியுமா? 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம்தான்! நம் கட்டுமரத்தில் இரட்டை ஓடம் இல்லை, மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. பேர் நம்முடையது, படகு அவர்களுடையது. வெள்ளைக்காரன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

சரி, இந்த மணல் தீவில் மனிதன் எப்படிக் குடியிருக்கிறான்? சுற்றிலும் உப்புத் தண்ணீர். ஆறு இல்லை, அருவி இல்லை. குடிக்க என்ன செய்வது?

இதற்குப் பதில் ராமநாதசுவாமி கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முங்கி எழுந்து ஈரத் துணியோடு உள்ளே போகிறோம். கிணற்றுச் சுவர்மேல் நிற்கிற ஆள் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார். மகாலட்சுமி தீர்த்தம், சங்கு தீர்த்தம், சக்கர தீர்த்தம், கங்கை, யமுனை, கயா என்று வரிசையாகப் போய்க் கோடி தீர்த்தத்தில் முடியும் 22 தீர்த்தங்கள். பெரும்பாலானவை கிணறுகள். அடுத்த தடவை ஒரு காரியம் செய்யுங்கள். ஊற்றும்போது உதட்டில் வழிகிற நீரைக் கவனியுங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிணறு, உவர்க்கவில்லையே! ஏன்?

பக்தியால் சொல்லும் பதில் ஒன்று உண்டு, அதை நான் தொடவில்லை. பூகோளம் சொல்லும் பதில் இது. மணலில் விழுகிற மழை ஓடாமல் நேரே கீழே இறங்குகிறது. மணலுக்கு அடியில் ஏற்கெனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நல்ல தண்ணீர் லேசானது, கடல்நீர் கனமானது. ஆகவே மழைநீர் அதன்மேல் ஒரு தோணி போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நல்ல தண்ணீர் தொங்கும் என்பது கணக்கு. ஐரோப்பாவில் இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்து, கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இருவர் பேரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேட்க ஆதாயமான கணக்குதான். ஆனால் அதைத் திருப்பிப் படியுங்கள். மேலே ஓர் அடியை நீங்கள் மோட்டார் வைத்து உறிஞ்சினால், கீழேயிருந்து உப்புத் தண்ணீர் நாற்பது அடி ஏறி வரும். ஒருமுறை ஏறிய உப்பு இறங்குவதற்குப் பல மழைக்காலம் ஆகும்.

தங்கச்சிமடம் பக்கத்தில் வில்லூண்டித் தீர்த்தம் என்று ஓர் இடம். கடலுக்குள்ளேயே ஒரு கிணறு, நடந்து போகப் பாலம் போட்டிருக்கிறார்கள். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பது புராணம். சுற்றிலும் அலை, உள்ளே குடிக்கிற தண்ணீர். நான் சொன்ன அந்தத் தோணியின் விளிம்பு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது.

தனுஷ்கோடி மீனவப் பெண்கள் இந்த விதியைப் புத்தகம் இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். மணலைக் கையால் பறித்துச் சின்ன ஊற்று தோண்டுவார்கள். சிரட்டையாலோ கிண்ணத்தாலோ மெல்ல மெல்ல மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. பொறுமையாக மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். துவாலு தீவுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே நல்ல தண்ணீர் மட்டம்வரை பள்ளம் தோண்டி, அதில் நம்ம சேம்பு மாதிரி ஒரு கிழங்குச் செடியை வளர்த்துச் சாப்பிட்டு வந்தார்கள். இப்போது கடல் மட்டம் உயர உயர அந்தப் பள்ளங்களில் உப்பு ஏறுகிறது. 2011-இல் மழை பொய்த்தபோது குடிநீருக்கே நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது.

தங்கச்சிமடம் என்றதும் நினைவு வருகிறது. அந்த மணலும் அந்தத் தண்ணீரும் மல்லிகை நாற்றுக்கு அப்படி ஒத்துப்போகும். மதுரை மல்லி என்று ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிய பூவுக்கு நாற்று பெரும்பாலும் தங்கச்சிமடத்திலிருந்துதான் போகிறது. நம்ம பக்கத்து மல்லிகைத் தோட்டக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள், நாற்று எங்கிருந்து வந்தது என்று. ஆண்டாள் ஊரில் தொடுக்கிற பூவுக்கும் அந்தத் தீவின் மணலுக்கும் உறவு இருக்கக்கூடும்.

கோயிலைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம், பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. நான் சொல்ல விரும்புவது கல்லைப் பற்றி. மணல் தீவில் கருங்கல் ஏது? அந்தக் கோபுரம், அந்தப் பிராகாரம், அத்தனைக்கும் ஒவ்வொரு கல்லும் படகேறித் தண்ணீர் தாண்டி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் எழுந்த மூன்றாம் பிராகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள். ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகிவிடும். சேதுபதிகள் என்ற பட்டமே இந்தக் கடல் வழிக்குக் காவலர் என்ற பொருளில் வந்ததுதான். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளும் தங்கள் காசில் "சேது" என்று பொறித்தார்கள். இரண்டு கரையும் உரிமை கொண்டாடிய வாசல் அது.

ஆமாம், வாசல். நாம் இன்று ராமேஸ்வரத்தைப் பயணம் முடிகிற ஊராக நினைக்கிறோம். சாமி கும்பிட்டாயிற்று, கடலில் குளித்தாயிற்று, திரும்ப வேண்டியதுதான். ஐம்பது வருஷத்துக்கு அது வழி முடிகிற ஊராக இல்லை, வழி தொடங்குகிற ஊராக இருந்தது.

1914 பிப்ரவரி 24-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் கப்பல் போக வழிவிட்டு இரண்டு கைகளைத் தூக்குகிற மாதிரி திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம். ஆட்கள் நின்று கையால் சுழற்றித் திறப்பார்கள். அதன்பின் சென்னை எழும்பூரில் ஏறுகிறவர் கொழும்புக்கே ஒரே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். ரயில் தனுஷ்கோடிக் கடலோரம் வரை போகும். இறங்கினால் கப்பல். இரண்டு மணி நேரம் போலக் கடல், அப்புறம் தலைமன்னாரில் அந்தக் கரை ரயில். இதற்குத்தான் போட் மெயில் என்று பேர். போட் போய்விட்டது, கடலோர ஸ்டேஷனும் போய்விட்டது. இன்றும் சென்னை–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸைப் பெரியவர்கள் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

தனுஷ்கோடியில் ரயில் நிலையம் மட்டுமா? சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், கடைவீதி எல்லாம் இருந்தன. சுவாமி விவேகானந்தர் சிகாகோ போய்த் திரும்பி 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் கால் வைத்தபோது பாலம் இல்லை. பாஸ்கர சேதுபதி படகுத்துறைக்கே வந்து வரவேற்றார். அப்துல் கலாம் 1931-இல் பிறந்து வளர்ந்ததும் இந்தத் தீவில்தான். அவருடைய தகப்பனார் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிச் சென்றவர். உலகப் போர்க் காலத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடுகிற ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம்.

நம்ம தெற்குச் சீமையிலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்களும், வியாபாரத்துக்குப் போனவர்களும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். மண்டபம் முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்த்து, அடைத்து வைத்து, அப்புறம் அனுப்புவார்கள். "அக்கரைக்குப் போனவுக" என்று நம்ம ஊர்ப் பாட்டிகள் சொல்வார்களே, அந்த அக்கரை இதுதான். உங்கள் குடும்பத்திலும் யாராவது ஒருவர் போயிருப்பார். விசாரித்துக்கொண்டு வாருங்கள்.

இப்போது 1964.

அந்த வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி புதுதில்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. எண்ணிக்கை போட்டுப் பிரித்த மனிதர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாலு தலைமுறைக்கு முன் போன வழியாகவே திரும்பி வர வேண்டும். அந்த வழிக்கு வாசல் தனுஷ்கோடி.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு வாசலே போய்விட்டது.

இலங்கையில் வவுனியா பக்கமாகக் கடந்த புயல் நேரே இந்தப் பக்கம் வந்தது. பாம்பனிலிருந்து 11.55-க்குத் தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டியில் இருந்தவர்கள், ரயில்வே கணக்குப்படி, ஊழியர்களோடு சேர்த்து 115 பேர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் வேலை செய்யவில்லை. இருட்டில் வண்டி மெல்ல நகர்ந்தது. எழும்பி வந்த அலை பெட்டிகளோடு அத்தனை பேரையும் கொண்டுபோனது. தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டதால் வெளியுலகத்துக்குச் செய்தி தெரியவே நாள் பிடித்தது. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்தார்கள் என்பார்கள். பாம்பன் பாலத்தில் 126 கண்கள் அடித்துக்கொண்டு போயின. நடுவிலிருந்த அந்தத் தூக்குப்பாலம் மட்டும் நின்றது. சரிசெய்ய ஆறு மாதம், குறைத்தால் மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஸ்ரீதரன், பின்னாளில் தில்லி மெட்ரோவைக் கட்டியவர், 46 நாளில் முடித்தார். கடலடியில் மூழ்கிக் கிடந்த கர்டர்களை மீனவர்கள் இடம் காட்ட, எடுத்துப் பொருத்தினார்.

பாம்பன் பாலம் எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை. மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. ஒப்பந்தப்படி திரும்பி வந்தவர்கள் "ராமானுஜம்" என்ற கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். பாட்டன் காலத்தில் போகும்போது அடைத்து வைத்த அதே மண்டபம் முகாமுக்குப் பேரன் வந்து சேர்ந்தான். 1980-களின் தொடக்கத்தில் போர்ச் சூழலில் அந்தக் கப்பலும் நின்றது. 1983-க்குப் பிறகு அகதிகள் படகுகளில் வந்தார்கள். 2022 மார்ச்சில் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது, பால் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாத குடும்பங்கள் கைக்குழந்தையோடு அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து இறங்கின. வாசலை மூடிவிட்டோம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? தனுஷ்கோடிக்குப் போகிற கூட்டம் இப்போது ரொம்பப் பெரிது. 2017 ஜூலைக்கு முன் மணலில் வேன் பிடித்து எலும்பு குலுங்கப் போக வேண்டும். அந்த மாதம் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். காரில் போய் இறங்கி, பத்து நிமிஷம் போட்டோ, திரும்பி வரும் வழியில் இடிந்த மாதா கோயிலில் பத்து நிமிஷம் போட்டோ. "பேய் நகரம்" என்று தலைப்புப் போட்டு வீடியோ எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. அங்கே பேய் எதுவும் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். புயலுக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அறிவிப்பின்படி அது ஊர் இல்லை, ஆகவே ஊருக்குக் கிடைக்கும் வசதி கிடையாது என்ற நிலையில் மின்சாரம் இல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நீங்கள் சாய்ந்துகொண்டு படம் எடுக்கிற சுவரின் பின்னால் ஒருத்தர் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கலாம்.

இன்னொன்று. தீவுக்கு வருகிறவர்கள் பெருகப் பெருக லாட்ஜுகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஆழ்துளைக் கிணறு. முன்னே சொன்ன அந்த நாற்பதுக்கு ஒன்று கணக்கை நினைத்துப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் வழியாகக் கடலைத் தாண்டித் தண்ணீர் வருகிறது, உண்மைதான். ஆனால் கோடைக்குக் காவிரியை நம்பி ஒரு தீவு இருக்க முடியுமா? கல்லணைக்காரர்களே அடித்துக்கொள்கிறார்கள். பாலினேசியாவில் ஈஸ்டர் தீவு என்று ஒன்று. பெரிய பெரிய கல் முகங்கள் நிற்குமே, படத்தில் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாக்காரர் கூட்டம் தாங்காமல் 2018-இல், இனி வெளியார் முப்பது நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று விதி போட்டார்கள். முன்பு தொண்ணூறு நாள். ராமேஸ்வரத்துக்கு அந்த விதி பொருந்தாது, அங்கே யாரும் முப்பது மணி நேரம்கூடத் தங்குவதில்லை. அங்கே கஷ்டம் வேறு மாதிரி. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வந்து, குளித்து, கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு, மாலையில் போய்விடுகிறோம். சதுரகிரியில் ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் தாணிப்பாறைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நடைமுறை விஷயங்கள். தை மாதப் பயணத்துக்குப் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைகள் கவனிக்கவும்.

நம்ம ஊரிலிருந்து விருதுநகர், அருப்புக்கோட்டை, பரமக்குடி வழியாகச் சாலையில் இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விடியுமுன் மண்டபம். பாம்பனில் 1988 அக்டோபர் 2-இல் ராஜீவ் காந்தி திறந்து வைத்த சாலைப் பாலத்தின்மேல் பஸ் போகும். அதற்கு முன் பஸ்ஸில் தீவுக்குப் போகவே முடியாது, ரயில்தான். பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றுவிட்டது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. நடுப்பகுதி 72.5 மீட்டர், மின்தூக்கி மாதிரி அப்படியே செங்குத்தாக மேலே போகும். கைகளைத் தூக்கும் பழைய பாலம் எனக்கு அழகாகத் தோன்றும். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் என்னோடு சண்டை போடலாம்.

தை, மாசி நல்ல பருவம். வெயில் தணிந்திருக்கும். அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கு நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. அருகில் போய்க் கைதட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டாம். பல ஆயிரம் மைல் பறந்து வந்து இரை பொறுக்குகிறது, அதன் சாப்பாட்டு நேரத்தில் நாம் கைதட்டுவதா? அந்தக் கோதண்டராமர் கோயில் 1964-இல் தப்பி நின்ற கட்டடம், நின்று பாருங்கள். அரிச்சல்முனைக் கடலில் இறங்கக்கூடாது. இரண்டு கடல் நீரோட்டமும் சேரும் இடம், பார்வைக்குச் சாது. மாலையானால் சாலையை மூடிவிடுவார்கள், ஆகவே அங்கே காலையில்தான் போகப் போகிறோம்.

பாம்பனுக்குத் தெற்கே குருசடைத் தீவு தொடங்கித் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள். 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆனது. பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கு வெட்டியதில் அவற்றில் இரண்டு தண்ணீருக்குள் போயேவிட்டன. பவளத் துண்டையோ காய்ந்த கடல்குதிரையையோ யாராவது விற்றால் வாங்காதீர்கள். 2001-லிருந்து சட்டப்படி குற்றம். வாங்குவதென்றால் பனை ஓலைக் கொட்டான் வாங்குங்கள், கருவாடு வாங்குங்கள், தனுஷ்கோடிப் பெண்கள் பொரித்துத் தரும் மீனைச் சாப்பிடுங்கள். அந்தக் காசு அந்த வீட்டுக்குப் போகும். பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

நமக்கு ஏற்பாடு செய்திருக்கும் இடத்தில் ஒரு ஆளுக்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் என்று சொல்லியிருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். 22 தீர்த்தத்திலும் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அதற்குமேல் எதற்கு? குடிதண்ணீரை நம்ம ஊரிலிருந்தே கேனில் கொண்டுபோகிறோம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். அக்கரைக்குப் போன யாராவது உங்கள் வீட்டில் உண்டென்றால், பேர், போன வருஷம், எந்தத் தோட்டம், திரும்பினார்களா இல்லையா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அரிச்சல்முனையில் உட்கார்ந்து வாசிப்போம். கிடைப்பதைச் சேர்த்து அடுத்த ஆண்டு மலரில் போடலாம் என்று செயலாளர் அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பேர் கொடுக்காதவர்கள் சாப்பாட்டுக்கு முன் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடவும். பஸ்ஸில் இடம் கொஞ்சம்தான் மிச்சம்.